களத்துக் கேமரா

விடியுமுன்னே மிளகுக் கொத்தை மிதித்து உதிர்க்கத் தொடங்கினால், குதிகால் வெடிப்பில் ஏறும் காரம் உச்சந்தலையில்தான் போய் நிற்கும். மலைமேல் எடப்புளி நாட்டில் அருணாசலத்தின் தோட்டக் களத்தில் பெருமாயியும் மற்ற பெண்களும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்கள். மூடுபனியில் பக்கத்தில் நிற்பவள் முகம் தெரியவில்லை. பெருமாயிக்கு அதுவே வசதி. நாலு நாளாக அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

முதலாளி தோட்டத்தைச் சுற்றிக் கேமரா மாட்டியிருந்தார். மலையிலேயே முதன்முதலாக என்று மிளகு வாங்க வருகிற வியாபாரி வரை எல்லோரிடமும் சொல்லியாயிற்று. பழைய உரக்கிடங்குக்குக் 'கண்ட்ரோல் ரூம்' என்று பேர். உள்ளே ஒரு திரை, ஒரு சுழல் நாற்காலி. கேமரா வயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்சுப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். இத்தனை மரியாதை செய்தும், களத்தைப் பார்க்கும் கடைசிக் கேமரா மட்டும் பனிக்காலையில் கண்ணை மூடிக்கொண்டது.

"எவளோ வயரை இழுக்கிறா. பேரைச் சொல்லுங்கடி, இல்லேன்னா அத்தனை பேரும் வெளியே," என்று நாலு நாளைக்கு முன் களத்துக்கு வந்து கத்தினார் அருணாசலம்.

அன்றைக்குப் பெருமாயியின் வாய்தான் முந்தியது. "பாவாயி அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னாளுங்க."

பாவாயி அங்கே நின்றது முக்காட்டை உதறிக் கட்டிக்கொள்ளத்தான். அவள் வேலை போனது. தோட்டத்து வீட்டைக் காலி செய்ய ஞாயிறு வரை கெடு.

பழுது விடியலில்தான் வரும் என்பதால், கேமரா மாட்டிக்கொடுத்த தரணிதரன் ராசிபுரத்துக் கடையிலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருந்தான். பனி மூடியதும், களத்தில் மிதித்துக்கொண்டிருந்த பெருமாயியை ஏணி பிடிக்கக் கூப்பிட்டார்கள். அவன் வயரை இரண்டு முனையிலும் சோதித்தான். கண்ட்ரோல் ரூமுக்குப் போய், களத்து வயரைப் பெட்டியின் முதல் துளையிலும், அங்கிருந்த வாசல் கேட்டுக் கேமராவின் வயரைக் கடைசித் துளையிலும் மாற்றிச் செருகினான். கொஞ்ச நேரத்தில் திரையில் களம் தெரிந்தது. கேட்டு இருண்டது.

"அய்யோ, என் காரு நிக்கிற எடம் தம்பி!" என்று அலறினார் அருணாசலம்.

"வயர்ல பழுதே இல்லீங்க. இதே வயர்லதான் கேமராவுக்குக் கரண்டும் போவுது. இருட்டுக்கு வெளக்கு எரியறப்பவே, பனி மூடுனாக் கண்ணாடி வேர்க்காம இருக்க எல்லாக் கேமராவும் சூடும் போட்டுக்குது. அத்தனைக்கும் குடுக்கப் பெட்டிக்குத் தெம்பு பத்தலீங்க. கடைசித் துளைய நிறுத்திருது. பெரிய பெட்டியாப் போடலாம்னு மாட்டுன அன்னிக்கே சொன்னனுங்களே?"

வாசலில் நின்ற பெருமாயிக்குக் காரம் முகத்தில் ஏறியது போலிருந்தது. "அப்ப பாவாயிங்க?"

"பாவாயி போனது போனதுதான். பெட்டி மேல தப்புன்னா, வாங்குன என் மேல தப்புன்னு ஆயிருமே! நாளைக்கு ஒருத்தி மதிப்பாளா? தம்பி, நீ பேசாம மலையிறங்கு."

பெருமாயி களத்துக்குத் திரும்பினாள். தரையைப் பார்த்தே சொன்னாள். "வயரை யாரும் இழுக்கலை. பெட்டிக்குத்தான் கரண்டு பத்தலையாம். நான் அவ பேரச் சொல்லிட்டேன்."

மிதித்த கால்கள் நின்றன.

"நீ சொன்ன," என்றாள் கண்ணாயி. "நாங்க தலையாட்டுனோம். எம்பேரு வரலையேன்னு அன்னிக்கு நல்லாத் தூங்குனேன் புள்ள. தூ!"

அவளே போய்ப் பாவாயியைக் கையோடு கூட்டிவந்தாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த கயிறு இன்னும் பாவாயியின் தோளில் கிடந்தது. பெருமாயியை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "தள்ளு," என்று மட்டும் சொல்லிப் பெருமாயிக்குப் பக்கத்திலேயே களத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் மிதிக்காமல் உட்கார்ந்தார்கள்.

அதற்குள் கேட்டு வயர் பழைய துளைக்கே போய், திரையில் களம் மறுபடி இருண்டிருந்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து குரல் வந்தது. "ஏய், மிதிக்கிற சத்தத்தையே காணோம்? என்னடி நடக்குது அங்க?"

"எந்திரிச்சு வந்து பாக்கட்டும்," என்றாள் கண்ணாயி. பனிக்குள் யாரோ சிரித்தார்கள்.

சுழல் நாற்காலி கிறீச்சிட்டது. டார்ச்சு வெளிச்சம் ஒன்று தடுமாறித் தடுமாறிக் களத்தை நோக்கி வந்தது.

"யாரு புள்ள மொதல்ல பேசறது?" என்று கேட்டாள் கண்ணாயி.

"நாந்தான்," என்றாள் பெருமாயி, தலை நிமிராமலே. "அன்னிக்கும் நாந்தான மொதல்ல பேசுனேன்."

பாவாயி தோள் கயிற்றை எடுத்துக் கீழே போட்டாள்.