மூன்று சேனல், இரண்டு ஜோடிக் காது

என் கிடாருக்கான பழைய ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, புகைந்துபோனதால்தான் புதிது வாங்க வேண்டி வந்தது. ஒத்திகை நடுவே கருகல் வாடை வந்தது, அப்புறம் சத்தமே இல்லை. "அப்பாடா, நிம்மதி!" என்றாள் என் நாத்தனார்.

அவள்தான் எங்கள் குழுவில் பாடுகிறவள். என் கணவர் பேஸ் கிடார். டிரம்ஸுக்கு அவருடைய அலுவலக நண்பர் ஒருவர். அவரைக் கடிகாரம் என்று கூப்பிடுவோம். வாசிக்கும்போது தாளம் இம்மி பிசகாது, ஆனால் சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. நான் லீட் கிடார். மற்ற நாட்களில் அச்சகத்தில் காகிதம் மடிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறேன். பத்தொன்பது வருடமாக அதே இயந்திரம், அதே இடம்.

கடைக்காரர் முதலில் கேட்டது, "என்ன மாதிரி வாசிப்பீங்க?"

"எல்லா மாதிரியும்."

"அப்போ ஒரே சேனல் இருக்கிறது உங்களுக்கு ஆகாது" என்று மூன்று வால்வ் ஆம்ப்களை வரிசையாக வைத்தார். உள்ளே கண்ணாடிக் குழல் போன்ற வால்வ் சூடாகி ஆரஞ்சு நிறத்தில் கனலும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். முதலாவது தேனாக இருந்தது. ஆனால் அதில் இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே பேஸ், மிட், ட்ரெபிள், அதாவது கீழ், நடு, மேல் ஒலிக்கான குமிழ்கள். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெட்டுப்போனது. கடைசியில் இருந்ததில் விமானி அறை மாதிரி குமிழ்கள். இதைத் திருகி முடிப்பதற்குள் கச்சேரியே முடிந்துவிடும் என்று தோன்றியது. நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். சுத்தமான ஒலிக்கு ஒரு சேனல், லேசாகக் கரகரப்பதற்கு ஒன்று, தனியாக முன்னே வந்து வாசிக்க ஒன்று. மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ்கள். காலால் மிதித்து மாற்ற ஒரு சுவிட்ச்.

"வீட்டுல வச்ச செட்டிங் ஹால்ல நிக்காது. சத்தம் ஏற ஏற வால்வோட குணமே மாறும். வாசிக்கிற இடத்துல வச்சுத் திருகுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் அதோடு கிடந்தேன். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்கினால், கம்பளிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. ட்ரெபிளை ஆறுக்கு ஏற்றினேன். கொஞ்சம் தேவலை. எட்டுக்கு ஏற்றினேன். பிரசன்ஸ் என்று ஒரு குமிழ், ஒலியின் விளிம்பைக் கூராக்குவது. அதையும் முக்கால்வாசி திருப்பிய பிறகுதான் கம்பிகள் ஒவ்வொன்றும் பிரிந்து தெரிந்தன. அந்த இடங்களில் வெள்ளை நாடா ஒட்டி அடையாளம் வைத்தேன்.

கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் எங்கள் ஒத்திகை. இரண்டாவது பாட்டில் நாத்தனார் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அண்ணி, என்னால முடியல."

"தொண்டை சரியில்லையா?"

"என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. உங்க கிடார்தான். நான் வாயத் திறந்தாலே மேல ஏறி உட்கார்ந்துக்குது. பல்லெல்லாம் கூசுது."

"புதுசுன்னா முதல்ல அப்படித்தான் இருக்கும்."

"புதுசு பழசு இல்ல அண்ணி. குத்துது!"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் பேஸைப் பார்த்தார். கடிகாரம் அன்றைக்கென்று சீக்கிரமே வந்து தொலைத்திருந்தார். "கொஞ்சம் ஷார்ப்பாத்தான் இருக்கு" என்று குச்சியைப் பார்த்தபடி சொன்னார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நாத்தனாருக்கும் எனக்கும் இது புதிதல்ல. நான் கல்யாணமாகி வந்த முதல் மாதம் ஜன்னல் திறந்திருக்கலாமா கூடாதா என்பதில் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் முட்டிக்கொள்ளாத விஷயம் இல்லை. இப்போதும் நான் ஒன்று புதிதாக வாங்கியது பொறுக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆம்பில்தான் ஏதோ கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "மேல் ஒலி வரவே மாட்டேங்குது. நிறைய ஏத்தினா மத்தவங்களுக்குக் குத்துதாம். வால்வ் போயிருக்கும்" என்றேன். கடைக்காரர் முன்பக்க வால்வை மாற்றினார். குமிழ்களை எல்லாம் நடுவில் நிறுத்தி, அவரே ஒரு மெட்டு வாசித்தார்.

"இப்போ?"

"அதே மங்கல்தான்."

 அவர் கிடாரைக் கீழே வைத்தார். "எனக்கு இது கண்ணாடி மாதிரி கேக்குது. தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொன்னேன்.

"ஒரு தடவை காதைக் காட்டிடுங்களேன்."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். திட்டி முடிந்ததும் வேறு சிலது ஞாபகம் வந்தது. அடுப்படியில் டைமர் அடிப்பது எனக்கு மட்டும் கேட்பதில்லை. டெலிபோனில் பெண்கள் பேசினால் பாதி வார்த்தை நழுவிவிடும். என் கணவர் முணுமுணுக்கிறார் என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். காது பரிசோதனை மையத்தில் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து, கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண்ணைப் பார்த்தேன். அவர் கை ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டேதான் இருந்தது. 

அவர் காட்டிய தாளில் கோடு நேராகப் போய், உயர்ந்த ஒலிகள் வரும் இடத்தில் குழிக்குள் விழுந்திருந்தது. இரண்டு காதுக்கும் அப்படியே. "இது திரும்ப வராது. ஆனா இனிமே போகாம பார்த்துக்கலாம். மெஷின்கிட்ட நிக்கும்போதும் வாசிக்கும்போதும் காதை அடைச்சுக்கணும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் கிடாரைத் தொடவும் இல்லை. நான் சரியென்று நம்பி வைத்த ஒலியெல்லாம் மற்றவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்து யோசித்துக் கூசிப்போனேன். கணவரிடம் சொன்னால் "பரவாயில்லம்மா" என்பார். பொய்யாவது சொல்லித் தேற்றுவார். எனக்கு அப்போது ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. பொய் சொல்லாத இரண்டு காது வேண்டியிருந்தது. யோசித்தால் ஒரே ஒரு ஆள்தான் தெரிந்தாள்.

ஞாயிறு காலை அவளுக்குப் போன் செய்தேன். ஒத்திகை அறைக்கு வந்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றாள். நான் தாளை நீட்டினேன். வாங்கி, இரண்டு தடவை பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

"ஏன் என்கிட்ட?"

"நீதான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவ."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து ஆம்புக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "சரி, வாசிங்க" என்றாள். 

நாடாக்களை உரித்துப்போட்டேன். முதல் சேனலில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் திருகினாள். அவளுக்கு ட்ரெபிளும் தெரியாது, பிரசன்ஸும் தெரியாது. "தகர டப்பா." "இப்போ ஊசி." "இப்போ ஈரத் துணி, கொஞ்சம் கூட்டணும்." ஒவ்வொன்றுக்கும் எந்தக் குமிழ் என்று நான் சொன்னேன். ட்ரெபிள் நாலில் நின்றது. பிரசன்ஸ் இரண்டுக்கும் கீழே. என் காதுக்குப் பாதி கிடார்தான் மிஞ்சியது.

ஈடுகட்ட மிட்டை ஏற்றினேன். அந்த நடு ஒலிதான் எனக்கு இன்னும் முழுசாகக் கேட்கிறது. அவள் பாடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அங்கதான் என் குரல் இருக்கு, அண்ணி."

"எனக்கும் அங்க மட்டும்தான் இருக்கு."

 இந்தத் தடவை சண்டை வரவில்லை.

"மூணு சேனல் இருக்குல்ல?" என்றாள். "நான் பாடுறப்போ ஒதுங்கிக்குங்க. நான் வாய மூடினதும் வாங்க."

அப்படியே செய்தோம். சுத்தமான சேனலில் மிட்டை மூன்றுக்கு இறக்கினேன். அவள் பாடும்போது நான் என்ன வாசிக்கிறேன் என்பது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். மூன்றாவதில் மிட்டை எட்டுக்கு ஏற்றி, வால்யூமும் ஒரு படி கூட்டினேன். அவள் நிறுத்தும் இடத்தில் காலால் மிதித்தால், கிடார் நெஞ்சில் வந்து மோதியது. கரகரப்புச் சேனல்தான் பிடிகொடுக்கவில்லை. ஒன்றரை மணிநேரம் மல்லுக்கட்டியும் "சளி பிடிச்ச மாதிரியே இருக்கு" என்றாள். அதை அப்படியே விட்டுவிட்டோம். இன்றுவரை அது சரியாகவில்லை.

அன்று மதியமே கணவரிடமும் சொன்னேன். நினைத்தது போலவே "பரவாயில்லம்மா" என்றார். பிறகு எழுந்து போய் டைமரை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு நூலக அரங்கில் மாலை நிகழ்ச்சி. காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். ஹாலுக்காக நாத்தனார் பத்தாவது வரிசைவரை நடந்துபோய்க் கேட்டு, விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள். ட்ரெபிளை இன்னும் அரைக்கோடு குறைத்தேன். முதல் பாட்டு முழுக்க, கண்ணைக் கட்டிக்கொண்டு தெரிந்த வீட்டுக்குள் நடப்பது போல வாசித்தேன். விரல்களுக்கு இடம் தெரியும். ஆனால் போய்ச் சேர்ந்தேனா என்று தெரியாது. ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்ததும் சுவிட்சை மிதித்தேன். நான் தனியாக வாசித்த அந்தப் பதினாறு தாளச் சுற்றும் எனக்குக் கேட்டது.

முடிந்ததும் ஆம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். இருபத்திமூன்று கிலோ. படியில் இறங்கும்போது, "மூணாவது பாட்டுல ஒதுங்காம ரொம்ப நேரம் முன்னாடியே நின்னீங்க" என்றாள்.

"நீ சீக்கிரம் பாட ஆரம்பிச்சுட்ட."

"நான் சரியாத்தான் ஆரம்பிச்சேன். கடிகாரத்தைக் கேளுங்க."

கடிகாரம் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். வண்டி வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.