மேடானிலிருந்து வருகிறவர்கள்

இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானத்தில் வரும் நோயாளிகளைப் பினாங்கு விமான நிலையத்தில் வரவேற்று, தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதுதான் சுபாஷினியின் வேலை. காலையில் வந்திறங்குபவருக்கு மத்தியானமே இருதயத்தில் அடைப்பு எங்கே என்று பார்த்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் ஸ்டென்ட் வைத்தாகிவிடும்.

அவள் கணவன் குணாளனுக்கும் நெஞ்சு வலி வந்தது. ஜெலுத்தோங்கில் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவன். அரசாங்க மருத்துவமனையில் அன்பாகத்தான் பார்த்தார்கள். காசும் பெரிதாக வாங்கவில்லை. ஆனால் அடைப்பைப் பார்க்கும் பரிசோதனைக்கு அடுத்த வருஷம்தான் தேதி கிடைத்தது.

"கியூ அப்படி லா, அக்கா. ரொம்ப வலிச்சா எமர்ஜென்சிக்கு ஓடி வந்துடுங்க" என்றாள் தாதி.

சுபாஷினி தன் மேலாளர் கெல்வினிடம் போய் நின்றாள்.

"ஸ்டாஃப் சலுகை உனக்கு மட்டும்தான், சுபா. ஹஸ்பண்டுக்கு டெபாசிட் கட்டணும்."

"சம்பளத்துல பிடிச்சுக்குங்க, பாஸ்."

"பிடிச்சா நீ ரிட்டையர் ஆகியும் இங்கதான் இருக்கணும்" என்று சிரித்தான் கெல்வின். அவளும் சிரித்துவைத்தாள். அப்படிச் சிரித்ததை நினைத்து வெகுநாள் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

குணாளன் பட்டறையில் சுருண்டு விழுந்தபோது, அவள் ஒரு மேடான் அம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்தவர்கள் அவனை எமர்ஜென்சிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் பிழைத்தது. இருதயத்தில் பாதி செத்துப் போயிருந்தது.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம், அக்கா" என்றார் இளம் டாக்டர்.

"வந்தோம் டாக்டர். நீங்கதான் தேதி போட்டு அனுப்புனீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தூங்காத கண்கள் சிவந்திருந்தன. பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. அவரைத் திட்டித் தீர்க்கக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

குணாளனால் இனி வெல்டிங் செய்ய முடியாது. பிளாட்டில் லிப்ட் கெட்டுப்போகிற நாட்களில் வீட்டை விட்டு இறங்கவும் முடியாது.

ஒரு நாள் கீழ்வீட்டு ஜெயலெட்சுமி தயங்கித் தயங்கி வந்தாள். அவள் அம்மாவுக்கு மார்பில் கட்டி.

"ஸ்கேனுக்கு ரொம்பத் தள்ளித் தேதி போட்டிருக்காங்க. நீங்க வேலை செய்ற எடத்துல ஒரு வார்த்தை சொல்லுங்களேன், அக்கா."

"என் புருஷனுக்கே அங்க எடமில்ல. நீ நாளைக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போ. கவுண்டர் முன்னாடி உட்காந்துக்க. எந்திரிக்கச் சொன்னா கத்து. நாங்க வாய மூடிக்கிட்டுத் திரும்பி வந்தோம், பாத்தல்ல."

ஜெயலெட்சுமி கதவுவரை போய்த் திரும்பினாள்.

"நான் கத்தினா வேற யாரோட தேதியோ தானேக்கா தள்ளிப் போகும்?"

சுபாஷினிக்கு அது தெரியாமல் இல்லை.

"போகட்டும்" என்றாள்.