ஏழடிக் கத்தி

1979 செப்டம்பரின் கடைசி வெள்ளி. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புகள் குறையத் தொடங்கியிருந்தன. ரஷீது தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே மாமனார் அமீருதீன் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டார்.

"வாங்க மாப்புளே. சாயா அப்புறம் குடிக்கலாம். சங்கிலிப்பாண்டி காத்துக்கிட்டிருக்கான்."

அமீருதீனின் குடும்பம் காயல்பட்டினத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு மிளகு வியாபாரத்துக்கு வந்தது. ஊர் மாறியும் வழக்கம் மாறவில்லை. கல்யாணமான பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே போய் இருப்பான். ரஷீது போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மீனில் நடுத்துண்டு அவனுக்கு. மாடி அறையின் மின்விசிறி அவனுக்கு. எதையும் செய் என்று யாரும் சொன்னதில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட அவன் எடுக்கும் முன்பே யாராவது எடுத்து நீட்டினார்கள்.

மிளகு வியாபாரம் படுத்துவிட்டது. வில்லிங்டன் தீவில் ஒரு கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றி மழைக்குப் பிறகு புல் இடுப்புயரம் நின்றது. அதை வெட்டும் வேலையை அமீருதீன் பிடித்தார். நெல்வயல் சூழ்ந்த குட்டநாட்டிலிருந்து ஒரு சின்னப் பழைய டிராக்டர் வந்தது. ஓட்ட மருமகன் இருந்தான். வண்டிக்குப் பின்னால் மாட்ட ஒரு புல்வெட்டி வேண்டும். பெரிய இரும்புத் தட்டு. அதன் அடியில் கத்திகள் விசிறி போலச் சுழலும். என்ன அகலத்தில் வேண்டும் என்று அளந்து சொல்லும் வேலையை அமீருதீன் ரஷீதிடம் கொடுத்தார். அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை.

சக்கரம் மிதித்த புல் படுத்துவிடும், கத்தியில் சிக்காது. அதனால் புல்வெட்டி இரண்டு சக்கரங்களையும் மறைக்க வேண்டும். ரஷீது பின் டயர்களின் வெளி ஓரத்தில் டேப்பைப் பிடித்தான். ஏழடிக்கு இரண்டு விரல் குறைவு.

"ஏழடி, மாமா."

அமீருதீன் அதை அடுக்களை வரை போய்ச் சொன்னார்.

தோப்பும்படியில் சங்கிலிப்பாண்டியின் பழைய இரும்புக் கடை. ஒருகாலத்தில் கோவில்பட்டிப் பக்கம் மாட்டுத் தரகு பார்த்தவன். இப்போது இரும்பு விற்றாலும் தோளில் அதே துண்டு.

"வாங்க பாய். வண்டி எத்தன எச்.பி.?"

"இருவத்தஞ்சு. புல்வெட்டி ஏழடி."

"அடிக்கு அஞ்சு எச்.பி.யாவது வேணும் பாய். நாய்க்குட்டி கழுத்துல கோயில் மணியக் கட்டுறீக."

கடைக்குள் யாரோ சிரித்தார்கள். அமீருதீனின் முகம் இறுகியது.

"மருமவன் அளந்திருக்காக. ஏழடிதான்."

"மாப்பிள்ள வாக்கா? அப்ப நான் யாரு கேக்க? கையக் குடுங்க."

துண்டு விழுந்தது. அதன் அடியில் இரண்டு கைகளும் விரலால் விலை பேசின. ஒரு பக்கம் மாட்டுச் சந்தை வழக்கம். மறுபக்கம் மிளகுக் கடைத்தெருவின் வழக்கம். இரண்டிலும் சட்டம் ஒன்றே. துண்டு விழுந்தபின் மூன்றாவது ஆள் பேசக்கூடாது. பேசினால் வியாபாரத்தைக் கெடுத்தவன்.

சும்மா நின்ற ரஷீது சும்மா பார்த்தான். சுவர் ஓரம் ஐந்தடிப் புல்வெட்டி ஒன்று சாய்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் துருப்பிடித்த டிராக்டர். அவர்களுடைய வண்டியின் அதே மாடல். ஆனால் ஒடுங்கி நின்றது. அதன் ரிம்மின் குழி ஒரு பக்கம் பார்த்தது. வீட்டு வண்டியின் ரிம் மறுபக்கம் பார்க்கும்.

ரஷீதுக்கு விளங்கியது. அவர்களுடையது வயலில் கிடந்த வண்டி. சேற்றில் சாயாமலிருக்க ரிம்மைத் திருப்பிச் சக்கரங்களை அகட்டிப் போட்டிருக்கிறார்கள். திரும்ப மாற்றினால் ஐந்தடிக்குள் அடங்கும். இந்த ஐந்தடியே போதும். எஞ்சினும் இழுக்கும்.

அவன் வாயைத் திறந்தான். துண்டு அசைந்துகொண்டிருந்தது. மூடிக்கொண்டான்.

சங்கிலிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். "முடிஞ்சுது பாய்."

மறுநாள் மதியம் பத்ருன்னிசா கணவனுக்குச் சோறு போட்டாள். மீன் நடுத்துண்டு அப்படியே கிடந்தது.

"என்ன மச்சான்?"

அவன் சொன்னான். அவள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"வாப்பாட்ட சொல்லுங்க."

"அளந்தது யாருன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லுங்க."

"ஒன்றர வருஷத்துல ஒரு வேல, பத்ரு."

"அதுக்கு?"

அவன் மீனைப் பிய்த்தான். முள்ளே இல்லாத இடத்தில் முள் தேடினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டை ஒட்டிய மிளகுக் கிட்டங்கி முற்றத்தில் ஒத்திகை. திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். வாங்கி வந்த ஏழடிப் புல்வெட்டியைப் பின்னால் தூக்கியதும் டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கொஞ்சம் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. மிளகு மூட்டை தூக்குபவர்கள் கைதட்டினார்கள்.

"சேட்டா, வண்டி நிஸ்கரிக்குது!" என்றான் ஒருவன், தொழுகையில் எழுந்து அமர்வதைக் காட்டி.

"மிளகுச் சாக்கு ரெண்டு முன்னால கட்டுங்கடா," என்றார் அமீருதீன். கட்டினார்கள். முன் சக்கரங்கள் அதன்பின் எழவில்லை.

எஞ்சின் முனகியது. எஞ்சினிலிருந்து புல்வெட்டிக்குப் போகும் பின்தண்டு சுழன்றது, கத்திகள் மெதுவாக வேகம் பிடித்தன. ரஷீது கியரைப் போட்டான். அமீருதீன் கிட்டங்கிச் சுவரருகே நின்று, இதுவரை வா என்று கையைக் காட்டினார். அவரிடம் போகும் முன்பே ரஷீது கிளட்சை மிதித்தான்.

வண்டி நிற்கவில்லை.

எஞ்சினின் பிடி விலகிவிட்டது. ஆனால் அந்தப் பழைய வண்டியில் சக்கரத்தையும் பின்தண்டையும் ஒரே கியர்ப் பெட்டி ஓட்டியது. சுழல்கிற ஏழடிக் கனம் தண்டைத் திருப்பியது. தண்டு சக்கரத்தைத் திருப்பியது. முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. ரஷீது இரண்டு காலாலும் மிதித்தான். பிரேக் கிறீச்சிட்டது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"மாமா!"

அமீருதீன் பக்கவாட்டில் பாய்ந்தார். வண்டி சுவரில் முட்டி நின்றது. சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று கொட்டியது. ஒரு சாக்கு கிழிந்து மிளகு ஓடியது. யாரும் கைதட்டவில்லை.

அமீருதீன் எழுந்து கைலியைத் தட்டினார். "பிரேக்க முறுக்கச் சொல்றேன். தண்டுல சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒண்ணு மாட்டிட்டா தள்ளாதாம்."

"அது வர எத்தன நாளாவும்?"

"பம்பாயிலேர்ந்து வரணும். அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க."

ரஷீது இருக்கையிலிருந்து இறங்கவில்லை. கால் இன்னும் கிளட்சிலேயே இருந்தது. கத்திகள் நின்றபின்னும் அதை எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"மாமா, அளந்தது தப்பு. சக்கரம் வயலுக்கு அகட்டிப் போட்டது. நான் பாக்கல. அத மாத்திட்டா அஞ்சடி போதும். ஃப்ரீவீல் வந்தாலும் இந்த ஏழடிய எஞ்சின் இழுக்காது. சங்கிலிப்பாண்டிகிட்ட அஞ்சடி இருக்கு."

மூட்டைக்காரர்கள் மிளகு பொறுக்குவதை நிறுத்தினார்கள். அமீருதீன் அவர்களைப் பார்த்தார், பிறகு மருமகனை.

"எப்பத் தெரிஞ்சுது?"

"கடையிலயே. துண்டு விழுந்த பிறவு."

 அமீருதீன் கைவிரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார், இன்னும் துண்டுக்கு அடியில் இருப்பது போல.

"நாலு பேருக்கு முன்னால குடுத்த கை மாப்புளே. திருப்பிக்கிட்டுப் போனா, நாளைக்கு மிளகுக்கு எவன் என் கையப் பிடிப்பான்? நீங்க இந்த வீட்டு மாப்பிள்ள. உங்க வாக்கு தப்புன்னு நானே போயிச் சொல்லவா?"

"நான் போயிச் சொல்றேன்."

"அது அதவிடக் கேவலம்." கிழிந்த சாக்கைக் காலால் ஒதுக்கினார். "தொட்டிப் பக்கம் வேணாம். கரை ஓரம் புல்லு தணிவா இருக்கு. நாளைக்கு அங்கேர்ந்து ஆரம்பிங்க."

கரை ஓரம் தடுப்பு இல்லை. புல் முடிகிற இடத்தில் கல், கல் முடிகிற இடத்தில் ஆழமான காயல் நீர். முந்தின வாரம் இருவரும் சேர்ந்து நடந்து பார்த்த இடம்.

"சரி, மாமா," என்றான் ரஷீது. வேறு எந்த வார்த்தையும் அந்த வீட்டில் அவனுக்குப் பழக்கமில்லை.

மாடி ஜன்னல் திறந்திருந்தது. பத்ருன்னிசா எப்போதிலிருந்து அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஆண்கள் நிற்கும் முற்றத்தைப் பார்த்து அவள் குரல் கொடுத்ததே இல்லை. தட்டத்தைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"வாப்பா, இங்க வண்டிய நிறுத்த சுவரு இருந்துச்சு. அங்க என்ன இருக்கு?"