பின் அறையில் குடியிருப்பவர்

"அந்தப் பின் ரூம்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டார், வீட்டுக்கு மதிப்புப் போட பேங்க்கிலிருந்து வந்தவர். டேப்பின் ஒரு முனை அவர் கையில். மறுமுனையைத் தம்பி சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தான்.

"எங்க அக்கா சார். வாடகைக்கு இருக்காங்க," என்றான் தம்பி, கொஞ்சமும் கூசாமல்.

அடுப்படியில் நின்றிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது. தன்னைத்தான் சொல்கிறான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லையும் காசு கொடுத்து வாங்கிப் போட்டவள் அவள்.

ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. அப்பா கடனோடு செத்தவர். பிணத்தை எடுப்பதற்கு முன்பே கடன்காரன் வந்து நடுவீட்டில் உட்கார்ந்து கட்டிலைக் கேட்டான். பிணத்தைத் தரையில் இறக்கிவிட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவளுக்கு வந்தது வைராக்கியம், செத்தாலும் கடன் வாங்குவதில்லை என்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மனை வாங்கினாள். கையில் காசு சேர்ந்தால் கொத்தனார் வருவார், தீர்ந்தால் போய்விடுவார். இடுப்பளவு எழும்பிய சுவர் வருஷக்கணக்கில் அப்படியே நின்றது. கூரையில்லாத அறைக்குள் செடி முளைத்தது. "கோட்டை எந்த மட்டுல இருக்கு?" என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சம்பளம் கைக்கு வந்ததும் நேரே சிமெண்ட் கடைக்குத்தான் போவாள்.

பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. "இந்தச் சுவரு முடியட்டும்" என்று அம்மா திருப்பி அனுப்பினாள். சுவர் முடிந்ததும் தளம், தளம் முடிந்ததும் தம்பி கல்யாணம். அப்புறம் கேட்டு வர ஆளில்லை. பத்திரமோ முதலிலிருந்தே தம்பி பேரில். "பொம்பளை பேர்ல எழுதினா நாளைக்கு எவனோ ஒருத்தன் வீட்டுக்குப் போயிடும்" என்று சொன்னவளும் அம்மாதான். எவன் வீட்டுக்கும் அவளை அனுப்பாமல் வைத்துக்கொண்டவளும் அதே அம்மாதான். பெற்றவளின் நியாயம் இந்த லட்சணத்தில் இருந்தால் ஊரை என்ன சொல்ல?

இப்போது தம்பிக்கு லாரி வாங்க வேண்டும். வீட்டை அடகு வைத்தால் பேங்க் பணம் தரும்.

வந்தவர் அவளைக் கூடத்துக்கு அழைத்து ஒரு தாளை நீட்டினார். "குடியிருக்கிறவங்க ஒரு கையெழுத்துப் போடணும்மா. பேங்க் எப்பக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணிடுறேன்னு. எல்லார்கிட்டயும் வாங்கறதுதான்."

"நான் வாடகைக்கு இல்லைங்க. இது நான் கட்டின வீடு."

தம்பி சிரித்தான். "அப்பப்போ ஏதோ ஒத்தாசை பண்ணாங்க சார். அதைச் சொல்றாங்க."

"உங்க பேர்ல ஏதாவது இருக்காம்மா? பத்திரம், ரசீது?"

"எல்லாம் தம்பி பேர்லதான் போட்டோம். ஆனா ஒத்தை ரூபா கடன் இல்லைங்க. அத்தனையும் என் கைக்காசு."

அவர் நல்ல மனிதர்தான். வருத்தத்தோடுதான் சொன்னார். "அதாம்மா தப்பாப் போச்சு. உங்க பேர்ல கடன் வாங்கிக் கட்டியிருந்தா, கட்டினது நீங்கன்னு எங்ககிட்டயாவது ஒரு தாள் இருந்திருக்கும்."

அம்மா பக்கத்தில் வந்து அவள் முழங்கையைத் தொட்டாள்.

"போட்டுக் குடுத்துடும்மா. அவன் புள்ளகுட்டிக்காரன். நீ ஒண்டிக்கட்டை, உனக்கு எங்க படுத்தா என்ன?"

"போட மாட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை.

"அப்ப இன்னிக்கே வெளிய போ. என் வீட்ல இருந்துகிட்டு எனக்கே குழி பறிப்பியா?" தம்பி பின் அறைக்குள் புகுந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிவந்து தெருவில் எறிந்தான். தலையணை போய் விழுந்தது. பெட்டி விழுந்து வாய் பிளக்க, அவளுடைய உள்பாவாடைகள் மண்ணில் சிதறின. அம்மா ஓடினாள். துணியை எடுக்க அல்ல, அக்கம்பக்கம் பார்க்காமல் தெருக்கதவைச் சாத்த.

வந்தவர் சங்கடத்தோடு எழுந்தார். "அவங்க கையெழுத்து இல்லாம கடன் கிடைக்காது சார். நடந்ததை நான் எழுதித்தான் ஆகணும்." அவள் பக்கம் திரும்பினார். "உங்க பேரு என்னம்மா?"

சொன்னாள். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும்வரை நகராமல் நின்றாள். அந்த வீட்டைப் பற்றிய காகிதத்தில் அவள் பெயர் ஏறுவது அதுதான் முதல் தடவை.

"எழுதினதை ஒரு தடவை படிங்க சார்."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் படித்தார். "மேற்படி வீட்டின் பின் அறையில் குடியிருக்கும் இன்னார், காலி செய்ய மறுக்கிறார்."

"இருக்கட்டும், சரியாத்தான் இருக்கு," என்றாள். கதவைத் திறந்து தெருவில் இறங்கி, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் நடுவே துணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உதறினாள். பிறகு, அம்மா மறுபடியும் சாத்திப் பிடித்திருந்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.