ஆயிரத்துச் சொச்சம் பிழைகள்

கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணுகிற அந்த ரெஜிஸ்ட்ரி கிளீனரைச் செய்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் துடைப்பக்கட்டை பிய்ந்துவிடும் என்று கத்திக்கொண்டு நின்றேன். என் புருஷன் சவுரிராயன் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல அவருக்கு வழியில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தது அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான், அதைத்தான் நான் கெடுத்து வைத்திருந்தேன்.

அவர் போர்வெல் வண்டி ஆபரேட்டர். ஒலக்கூர்ப் பக்கம் பாதிக் காட்டுக்கு அவர்தான் போர் போட்டவர். வண்டி இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பழகி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும். பிறகு நரம்பில் நோய் வந்தது. கால் போனது, கை போனது, கடைசியில் நாக்கும் போனது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில், இதற்கு மருந்து இல்லையம்மா, கூட இருந்து பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கண்ணும் கன்னமும் வலது கட்டை விரலும்தான் மிச்சம்.

அப்போதுதான் முகையூர்க்காரப் பையன் ராஜ்குமார் வந்தான். இஞ்சினியரிங் கடைசி வருஷம். எங்கள் மாதா கோயில் பங்குச்சாமியார் சொல்லி, தன் காலேஜ் ப்ராஜெக்டாக ஒரு சாப்ட்வேர் எழுதி, ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான். திரை நிறைய எழுத்துகள் இருக்கும். மஞ்சள் கட்டம் ஒன்று அவற்றின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டிய எழுத்துக்குக் கட்டம் வரும்போது கட்டை விரலுக்கு அடியில் இருக்கும் மவுசை அழுத்தினால் அந்த எழுத்து விழும். விட்டுவிட்டால் கட்டம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அடித்து முடித்ததும் ஒரு பொம்பளைக் குரல் அதைப் படிக்கும். சவுரிராயன் அந்தக் குரலில் முதன்முதலில் பேசியது, "குழம்புல உப்பு இல்ல." எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

இந்தப் பொங்கலுக்கு அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. ஆன் ஆவதற்குள் நான் உலை வைத்துவிட்டு வந்துவிடலாம். எழுத்து விழுவது அதைவிடப் பேஜாரு. 'த' வர வேண்டிய இடத்தில் 'ந' விழும், அதை அழிக்க ஒரு சுற்று, மறுபடி பிடிக்க ஒரு சுற்று. "தண்ணி" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தொண்டை வறண்டுவிடும்.

"சனியன் புடிச்ச பொட்டி, அழுத்துறத வாங்கவே மாட்டேங்குது. கம்ப்யூட்டருதானேயா ஸ்லோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் நெடுநேரம் எடுத்து அடித்தார். குரல் படித்தது. "ஆமா."

அதிலிருந்து அந்தப் பெட்டியைத் திட்டாத நாளில்லை. மல்லாட்டை மில்லில் கடலை உடைத்துக்கொண்டே திட்டுவேன், வீட்டுக்கு வந்து அதன் முகத்துக்கு நேரே திட்டுவேன். போனில் தேடியபோது ஒருத்தன் வீடியோவில் சொன்னான்: கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் காரணம் ரெஜிஸ்ட்ரியில் சேர்ந்த குப்பை, இந்த கிளீனரைப் போட்டால் பறக்கும். இலவசம் என்றும் சொன்னான். நான் பத்தாவது வரை படித்தவள், அவன் காட்டியபடியே ஒவ்வொன்றாக அழுத்தினேன். சிவப்பு எழுத்தில், ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் என்று வந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் சொன்னேன் அல்லவா, தப்பு இந்தச் சனியனிடம்தான்! எல்லாவற்றையும் சரிசெய் என்ற பொத்தானை அழுத்தினேன்.

அணைத்துப் போட்டால் சாப்ட்வேர் திறக்கவில்லை. இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி வந்து நின்றது. மறுபடி அழுத்தினேன், அதே இரண்டு வரி. பொம்பளைக் குரலும் போய்விட்டது.

சவுரிராயன் ஏதோ சொல்ல நினைத்தார். கண் அப்படித் துடித்தது. ஆமாம் என்றால் கண்ணை மூடுவார், அது ஒன்றுதான் பாக்கி. "தண்ணியா? முதுகு வலிக்குதா? கொசுவா? திருப்பிப் படுக்க வைக்கட்டா? மூச்சு முட்டுதாயா?" எதற்கும் மூடவில்லை. கேட்கக் கேட்க எனக்குக் கேள்வி தீர்ந்துபோனது. இனிமேல் சாகும்வரை இந்த மனுஷன் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்ற எண்ணம் வந்ததும் போனைத் தேடி ஓடினேன்.

ராஜ்குமார் போனை எடுக்கவில்லை. படிப்பு முடித்து விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான் என்று தெரியும். நாத்தனார் இருதயமேரியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியையும் மவுசையும் பழைய புடவையில் சுற்றித் தூக்கினேன். அவர் கண் அகல விரிந்து என் மேலேயே நின்றது. பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"ஜல்தி வந்துடுவேன்யா. சரி பண்ணிக்கினுதான் வருவேன்," என்றேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கீழே வை என்றார் கண்டக்டர். "வைக்க முடியாதுங்க. இதுல என் ஊட்டுக்காரரு இருக்காரு," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். விக்கிரவாண்டி தாண்டும்வரை மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கடையில் ராஜ்குமார் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"இன்னாக்கா, பொட்டியத் தூக்கிக்கினு வந்துட்டீங்க? அண்ணன் எப்டி இருக்காரு?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவன் பெட்டியைக் கடைத் திரையில் மாட்டி, வந்த இரண்டு வரியைப் படித்துத் தலையில் கை வைத்தான்.

"ரெஜிஸ்ட்ரின்னா எந்த சாப்ட்வேர் எங்க இருக்குதுன்னு கம்ப்யூட்டர் குறிச்சி வச்சிக்கிற எடம்கா. அதுல பழசு ஆயிரம் கெடந்தாலும் ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆவாது. இந்த கிளீனருக்கு எது குப்ப, எது வேணும்னு தெரியல. என் சாப்ட்வேர இது எங்கயுமே பாத்ததில்ல, அதான் குப்பைன்னு அழிச்சிடுச்சி."

"திரும்ப வருமா தம்பி? என்கிட்ட வேற எதுவுமே இல்ல. அவருகிட்டயும் இல்ல."

"அழிக்கிறதுக்கு முன்னாடி இதுவே ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கும். பாக்கறேன், இருங்க."

தேடினான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். காப்பி இருந்தது. அவன் அதைத் திருப்பிப் போட்டு, அணைத்து, மறுபடி ஆன் செய்தான். எழுத்துகள் வந்தன, மஞ்சள் கட்டம் ஓடியது. நான் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"ஸ்லோவா இருக்குதுன்னீங்களே, எது?"

"அழுத்துறத வாங்க மாட்டேங்குதுப்பா. அது ஒண்ணையும் சரி பண்ணிக் குடுத்துடு."

அவன் மவுசை அழுத்தினான். அழுத்திய உடனே எழுத்து விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. "நீங்க அழுத்துங்கக்கா," என்று என் பக்கம் தள்ளினான். நான் இத்தனை நாளில் ஒரு தடவைகூட அதை அழுத்திப் பார்த்ததில்லை, அது அவருடைய இடம். 'த' வந்தபோது அழுத்தினேன். 'த' விழுந்தது. ஒரு எழுத்தும் தவறவில்லை. "தண்ணி," என்றது பொம்பளைக் குரல்.

"மவுச மாத்திப் பாரு," என்றேன்.

"இதே மவுசுதான்கா, நீங்க கொண்டாந்தது. ஆன் ஆவறதுக்கு நேரம் ஆவுது, பழைய டிஸ்க்கு. டைப் பண்றதுல ஒண்ணுமே இல்ல."

"வேற எங்கனா தப்பு இருக்கும். இன்னொரு தடவ தேடு."

"தேடிட்டேன்கா."

"அந்த கிளீனரையே திரும்பப் போடு. ஆயிரம் பிழைன்னு காட்டுச்சே, ஆயிரமும் பொய்யா? ஒண்ணு கூடவா நெசம் இல்ல? நல்லாத் தேடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவன் நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தான். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "அண்ணனுக்கு வெரல் எப்டி இருக்குது?"

எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பேசும்போது நான் திரையைத்தான் பார்ப்பேன், எழுத்து விழுகிறதா இல்லையா என்று. விரலைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் தூக்கியபோது அவர் கண் விரித்துப் பார்த்தது பயத்தில் இல்லை, போகாதே என்று தடுத்திருக்கிறார். இது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

ராஜ்குமார் கட்டத்தின் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தான். விரல் அழுத்தவே முடியாமல் போனால் கன்னத்திலோ புருவத்திலோ ஒட்டுகிற மாதிரி ஒரு பட்டன் செய்து எடுத்து வருகிறேன் என்றான். கன்னமும் போனால்? கேட்காமல் பெட்டியை மறுபடி புடவையில் சுற்றினேன்.

வீட்டுக்கு வந்து ஒயர்களை மாட்டினேன். இருதயமேரி, "சரி ஆயிடுச்சா அண்ணி?" என்று கேட்டாள். ஆயிடுச்சு என்றேன், அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். கட்டத்தை மெதுவாக ஓடவிட்டு, மவுசை அவர் கட்டை விரலுக்கு அடியில் வைத்தேன். திரைக்கு முதுகைக் காட்டி, விரலுக்கு நேரே தரையில் உட்கார்ந்தேன்.

விரல் நடுங்கியது. அழுத்தப் போய், பாதியில் நின்று, மறுபடி போனது. போர் வண்டியின் லீவரை இழுத்த விரல், ஒரு மவுசின் காதை அமுக்க அந்தப் பாடு பட்டது. சிறிது நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"தெரிஞ்சிடுச்சா."

"தெரிஞ்சிடுச்சியா. ஏன்யா பொய் சொன்ன? கம்ப்யூட்டருதான்னு ஏன்யா சொன்ன?"

விரல் மறுபடி அசைந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. இருதயமேரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். விரல் இடையில் நின்று ஓய்வெடுத்தது, பிறகு தொடர்ந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பொம்பளைக் குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படித்தது.

"அத திட்டிக்கினு இருந்தா நீ அழமாட்ட."

நான் அவர் கட்டை விரலை என் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். திட்டுவதற்கு யாரும் கிடைக்கவில்லை.