தங்கச்சி வீட்டுக் கதை

பேருந்தில் உட்கார்ந்தே வந்ததில் வெர்லீனுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. நாஷ்வில்லிலிருந்து கென்டக்கி மலைக்கு வழியெல்லாம் குண்டும் குழியும். வாத்தியக்காரர்களைக் கீழே சாலையில் விட்டுவிட்டு, தான் பாடிய புது இசைத்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கை டெல்ஃபியாவின் வீட்டுக்கு ஏறினாள்.

அடுப்பில் சோளரொட்டி வெந்துகொண்டிருந்தது. டெல்ஃபியா இசைத்தட்டைக் கையில் வாங்கவில்லை.

"அட்டையில உன் மூஞ்சி நல்லாத்தான் இருக்குக்கா. உள்ளதான் என் மூஞ்சி இருக்கு."

வெர்லீன் பாடியதெல்லாம் சொந்தக் கதை. கரித்தூசி ஏறிய துணியைத் துவைத்தது, பதினைந்து வயதில் கட்டிக்கொண்டது, பிள்ளைகளோடு பட்டினி கிடந்தது. அதற்காகத்தான் ஜனங்கள் வாங்கினார்கள். இந்தத் தட்டுக்கு ஒரு பாட்டு குறைந்தது. சொந்தக் கதையும் தீர்ந்திருந்தது. போன குளிர்காலத்தில் டெல்ஃபியா டெலிபோனில் அழுதழுது சொன்னதை, அவள் புருஷன் எஸ்டில் இன்னொருத்தி வீட்டுக்குப் போய்வந்ததை, அப்படியே பாட்டாக்கினாள். பெயரை மட்டும் மாற்றினாள். ரேடியோக்காரர்கள் அந்த ஒன்றைத்தான் ஓயாமல் போட்டார்கள்.

"இந்த மலையில அத்தன வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன். நீ அழுதப்பவே எல்லாரும் எடுத்துக் கேட்டிருப்பாங்க. தெரிஞ்ச கதைதானேன்னு நெனச்சேன்டி."

"கேட்டாங்க. அவங்க மூச்சு விட்டதே எனக்குக் கேட்டுச்சு. மறுநாள் சர்ச்சுல எவளாவது வாயத் தெறந்தாளா? ஒட்டுக்கேப்போம், கேட்டதக் காட்டிக்க மாட்டோம். அதனாலதான் இங்க குடியிருக்க முடியுது. பஸ்ஸும் பாட்டுமா ஆனதும் அது உனக்கு மறந்துபோச்சு."

வெர்லீன் தலை குனிந்தாள். "எஸ்டில் எங்கடி?"

"திரும்பி வந்தாரு. நானும் சேத்துக்கிட்டேன். பாட்டு வந்துச்சு. சுரங்கத்துக்குள்ள போற வண்டியில பக்கத்துல உக்காந்தவனெல்லாம் அதையே முணுமுணுத்தானுங்க. அவமானம் தாங்காம அவரு ஒஹையோவுக்குப் போயிட்டாரு."

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"சாயங்காலம் ஸ்கூல்ல பாடுறேல்ல? பாடுறதுக்கு முன்னாடி, இது உன் புருஷன் ஹோபர்ட் கதைன்னு சொல்லு. இங்க சொன்னா எஸ்டில் காதுக்குப் போய்ச் சேந்துடும். ஒருவேள வருவாரு."

"பொய்டி அது. ஹோபர்ட் மானம் என்னாகும்?"

"என் புருஷன் மானம் என்னாகும்னு என்னக் கேட்டியா?"

வெர்லீன் "சொல்றேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. அந்தப் பாட்டைத்தான் கேட்டுக் கத்தினார்கள். மேடையோரத்தில் ஹோபர்ட், அவள் இசைத்தட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தான். வாழ்க்கையில் இன்னொருத்தியை ஏறிட்டுப் பார்க்காதவன். வெர்லீன் மைக்கைப் பிடித்தாள்.

"இந்தப் பாட்டு..." என்றாள்.

அதற்குமேல் வரவில்லை. ஆரம்பிக்கச் சொல்கிறாள் என்று நினைத்துப் பிடில்காரன் வில்லை இழுத்துவிட்டான். கையை உயர்த்தியிருந்தால் நிறுத்தியிருப்பான். அவள் உயர்த்தவில்லை. பாடினாள். நன்றாகவே பாடினாள், அதுதான் அவளை அரித்தது.

இரண்டாவது சரணம் வருமுன் டெல்ஃபியா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

பேருந்து மலையிறங்கியது. 'இது என் புருஷன் கதை' என்ற ஒரு வாக்கியம். தங்கைக்கு அதைத் தருவதாகச் சொல்லியிருந்தாள், இன்னும் தரவில்லை.