டாரெல் நிமிர்த்திய கார்

போன மாதம், பெண்டிகோ ரிமோட் கார் கிளப்பில், "டியூன் பண்ணித் தர்றேன்" என்று வந்த டாரெல், என் காரின் பெட்ரோல் திருகை வேண்டுமென்றே இறுக்கிவிட்டுப் போனான். இறுக்கினால் பெட்ரோல் வரத்து குறைந்து இன்ஜின் வீறிட்டுப் பறக்கும். ஆனால் அதில் கலந்த எண்ணெயும் குறைவதால், கொஞ்ச நேரத்தில் சூடேறிச் செத்துவிடும். என்னுடையது பாதிப் பந்தயத்தில் செத்தது. சாசேஜ் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே அவன் சிரித்தான்.

இன்று பயிற்சி ஓட்டத்தில் என் திருகை நானே இறுக்கினேன். ஒரே சுற்றுதான். கார் அலறிக்கொண்டு பறந்தது. தன் காரைவிட இன்னொருத்தி கார் சத்தமாகக் கத்தினால் டாரெலுக்குப் பொறுக்காது. ஓரக்கண்ணால் பார்த்தேன், குனிந்து தன் திருகை இறுக்கிக்கொண்டிருந்தான்.

பந்தயத்துக்கு முன் என்னுடையதைத் தளர்த்திவிட்டேன். எண்ணெய் கூடியதால் கார் புகை கக்கியது.

"என்ன லினெட், கறி சுடப் போறியா?" என்றான்.

"ஆமாடா, உனக்குத்தான்."

பாதிப் பந்தயத்தில் அவன் இன்ஜின் கிறீச்சிட்டு நின்றது. எங்கள் கிளப்பில் கார் நின்றுபோனவன் வளைவில் போய் நின்று, கவிழும் கார்களை ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். டாரெல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றான்.

என் கார்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காலடியில் காரைக் கவிழ்த்தேன்.

"சீக்கிரம் தூக்குடா!"

எல்லோரும் பார்க்க, புழுதியில் மண்டியிட்டு நிமிர்த்தினான்.

கோப்பை போனால் போகிறது. அடுத்த சுற்றிலும் அங்கேயே கவிழ்த்தேன்.